மலைநாட்டு இந்துக்கள் வரலாறு: எந்த ஏட்டில் தேடுவது?

தன் குலத்தின் கதையை அறிய விரும்புபவன் முதலில் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றில் அவ்வாறு பார்த்தால் காணி உறுதி, சாதகக் குறிப்பு, பனையோலை ஏடு எனச் சிலவாவது கையில் அகப்படும். கண்டியிலும் பேராதனையிலும் கம்பளையிலும் வாழும் இந்துக்களாகிய நம்மிற் பெரும்பாலோர்க்கு அத்தகைய பெட்டி இல்லை. நம்மவர் இம்மலைநாட்டுக்கு ஒரே காலத்தில் ஒரே வழியாக வந்து சேர்ந்தவரல்லர். சிற்பிகளாக வந்தோர், அரசகுலத்தோடு வந்தோர், கோப்பித் தோட்டத்துக்குக் கால்நடையாக வந்தோர், வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்தோர் எனப் பல திறத்தினர். ஒவ்வொரு திறத்தினரின் கதையும் வெவ்வேறிடத்தில், பெரும்பாலும் பிறர் தம் தேவைக்காக எழுதி வைத்த வரிகளுக்கிடையே கிடக்கின்றது.

ஆதலின் "நமக்கு இங்கே வரலாறில்லை" என்று இளைஞர் சோர்வது பொருந்தாது. "இங்குள்ள யாவும் நம்முடையவையே" என்று மேடையில் முழங்குவதும் பொருந்தாது. இவ்விரண்டும் ஏட்டைத் திறவாமையால் வருவன. எந்த ஏட்டில் என்ன இருக்கின்றது, அதனை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை இளைஞர்க்கு எடுத்துரைத்து, பெரியோர்க்கு ஒரு விண்ணப்பமும் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லிற் கிடப்பவை

முதலேடு கல்லே. பேராதனையிலிருந்து கொழும்பு வீதியிற் சில மைல் சென்று உடுநுவரைப் பக்கம் திரும்பினால் கடலாதெனிய விகாரை தோன்றும். நான்காம் புவனேகபாகு அரசன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி தேரர் எடுப்பித்த பௌத்த விகாரை அது. கற்றளியாக எழும்பிய அதன் தூண்களையும் படிகளையும் காண்போர்க்குத் தென்னாட்டுக் கோயில்களின் நினைவு வராமற் போகாது. காரணத்தை அங்குள்ள பாறைக் கல்வெட்டே கூறுகின்றது. கட்டட வேலைக்குத் தலைமை தாங்கிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி.

அதே காலத்தில் சேனாலங்காதிகாரர் என்னும் அமைச்சர் அண்மையிலுள்ள குன்றில் இலங்காதிலக விகாரையை எடுப்பித்தார். புத்தர் திருவுருவம் நடுவிலிருக்க, அதனைச் சூழ்ந்த சுற்றிலே விட்டுணு, சமன், விபீடணன், கணபதி, கந்தன் ஆகியோர்க்குச் சந்நிதிகள் உள. விகாரைக்கு அருகிலுள்ள பாறையிற் சிங்களத்திலே ஒரு சாசனமும் தமிழிலே ஒரு சாசனமும் வெட்டப்பட்டுள்ளன. கொடைச் சாசனம் என்பது அழகுக்காக வெட்டப்படுவதன்று. கொடையை மதித்து நடக்க வேண்டியவர் படித்தறிவதற்காகவே வெட்டப்படுவது. எனவே, அக்காலத்தில் இப்பகுதியிலே தமிழ் படிப்பவர் இருந்தனர், அவரைப் பொருட்படுத்த வேண்டிய தேவையும் ஆட்சியாளர்க்கு இருந்தது என்று கொள்ளுதல் தகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கணேசுவராசாரியின் பெயரைக் கண்டவுடன், "பார், இது நமது கோயில்" என்று சொல்ல நாவெழும். கல் அவ்வாறு சொல்லவில்லை. பௌத்தத் துறவி ஒருவர் கேட்க, கணேசர் பெயர் தாங்கிய சிற்பி ஒருவர் புத்தருக்கு ஆலயம் கட்டினார் என்றே சொல்கின்றது. நமக்கு அது போதாதா? இரு சமயத்தார் ஒரே மலையில் ஒருவர்க்கொருவர் வேலை செய்து வாழ்ந்தனர் என்ற உண்மை, உரிமை கோரும் பேச்சினும் பெரிது.

அரண்மனையிற் கிடப்பவை

அடுத்துக் கண்டியரசின் ஏடுகள். நரேந்திரசிங்கன் 1739இல் மகப்பேறின்றி இறக்க, அவன் தேவியின் தமையனாகிய மதுரை நாயக்கர் குலத்தவர் சிறீ விசயராசசிங்கன் என்னும் பெயரோடு அரசேறினார். அவர்க்குப்பின் கீர்த்திசிறீ இராசசிங்கன் 1747 முதல் 1782 வரையும், இராசாதிராசசிங்கன் 1798 வரையும், சிறீ விக்கிரமராசசிங்கன் 1815 வரையும் ஆண்டனர். நால்வரும் பௌத்த மன்னராகவே முடி தரித்தனர். சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்து, 1753இல் இலங்கையில் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியவர் கீர்த்திசிறீ. கண்டி எசலைப் பெரஹராவில் தந்தத்தாதுவுக்கு முதலிடம் வந்ததும் அவர் காலத்திலேதான். அதற்கு முன் அவ்விழா நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் ஆகியோரின் தேவாலேக்களுக்கே உரியதாயிருந்தது.

இத்தகைய அரசர் அந்தரங்கத்தில் எச்சமயத்தை ஒழுகினார் என்பதை அறிவது எவ்வாறு? அவரைப் புகழும் ஏடுகள் அதனைச் சொல்லமாட்டா. 1760இல் அவருக்கெதிராக அரண்மனையிற் சதியொன்று உருவாயிற்று. அச்சதியைப் பற்றிய செய்திகளோடு சிங்கள ஏடொன்று அரசர்மேற் சொல்லப்பட்ட ஒரு குறையையும் கூறுகின்றது. அவர் திருநீறு பூசும் வழக்கத்தை விடவில்லை என்பதே அக்குறை. பகைவர் முறையீட்டிலே நமக்கு வேண்டிய செய்தி தங்கிவிட்டது. குறை கூறியவர் எழுதிவையாதிருந்தால் அந்நெற்றியில் நீறு இருந்ததை இன்று யார் அறிவார்? பிறர் ஏட்டிலே நம்மைத் தேடுதல் என்பதன் பொருள் இதுவே.

பின்னர் 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை அரண்மனைக் கொலுமண்டபத்தில் வாசிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்துக்கு அளித்த உறுதியை யாவரும் அறிவர். இரண்டாம் மூன்றாம் பிரிவுகளை நம்மவர் படிப்பதரிது. நாயக்கர் குலத்துக்கு அரசுரிமை அற்றுப்போனதென்றும், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனுமதியின்றி மலைநாட்டுக்குத் திரும்பலாகாதென்றும் அவை விதிக்கின்றன. அரசனும் சுற்றத்தாரும் வேலூருக்கு அனுப்பப்பட்டனர். அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்தில் அவன் கல்லறை உள்ளது. எனவே கண்டியின் கதையில் ஒரு பகுதியைத் தேடுவோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாட்டுச் சுவடிக்கூடத்துக்கும் செல்ல வேண்டும்.

அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளிற் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டனர் என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. எத்தனை பேர் என்பது மட்டும் பேச்சாளர்க்குப் பேச்சாளர் வேறுபடும். கையொப்பங்களின் படம் அச்சிலும் வந்துள்ளது. மேடையேறும் இளைஞர் ஒவ்வொரு கையொப்பத்தையும் தாமே கண்ணாற் கண்டு, எழுத்தறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே எண்ணைச் சொல்லுதல் வேண்டும். பிழையான எண்ணாற் கிடைக்கும் கைதட்டல் நம் சமூகத்துக்குச் செய்யும் தொண்டாகாது.

பெயர் மாறிக் கிடப்பவை

சுவடிக்கூடத்திற் புதிதாய் நுழையும் இளைஞர் 'இந்து' என்ற சொல்லை அட்டவணையிலே தேடி, சிலவே கண்டு மனம் தளர்வதுண்டு. அச்சொல்லால் நம்மைக் குறிக்கும் வழக்கம் பிற்காலத்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தமிழரை 'மலபார்' என்றனர். கண்டியில் அரசனின் உறவினர் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர் வந்ததும் அவ்வாறே. சமயத்தைக் குறிக்க நேர்ந்தபோது 'அஞ்ஞானிகள்' என்றெழுதினர். தோட்டக் காலத்திற் 'கூலிகள்' என்றும், 'குடிவந்தோர்' என்றும், 'செட்டிகள்' என்றும் நாம் பலவாறாகப் பெயர் பெற்றோம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பகுப்பு முதன்முதலாகத் தனித்தனி எண்ணோடு வந்தது. அவ்வாண்டில் இந்தியத் தமிழரென எண்ணப்பட்டோர் ஐந்திலக்கத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். பெயரைச் சூட்டியவர் யார், எதற்காகச் சூட்டினார் என்று கேட்கத் தெரிந்தவனுக்கே ஏடு வாய் திறக்கும்.

இத்துறையில் நம்மவர்க்கு வழிகாட்டி ஒருவர் உளர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தி, அதன் அறிக்கையை எழுதினார். எண்களை அடுக்குவதோடு நில்லாது, இந்நாட்டு மக்களின் சமயம், மொழி, வழக்கம் யாவற்றையும் அவ்வறிக்கையில் ஆராய்ந்தார். பதிவாளர் நாயகமாக இருந்து பதிவேடுகளைச் சீர்செய்தவரும் அவரே. ஆழ்ந்த சைவரான அவர், ஏடு காத்தலையும் இறைபணிக்கு ஒப்பாகவே செய்தார் எனலாம்.

ஒல்லாந்தர் விட்டுச் சென்ற 1640 முதல் 1796 வரையான ஏடுகளும், ஆங்கில ஆட்சியின் கடிதக் கட்டுகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. அதற்குக் கண்டியிலும் ஒரு கிளை உண்டு. ஜோன் டொயிலி 1810 முதல் 1815 வரை எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. கண்டி நீதிபதியாயிருந்த லோறி என்பார் மத்திய மாகாணத்து ஊர்களைப் பற்றித் தொகுத்த இரு பாகங்கள் 1896இலும் 1898இலும் வெளிவந்தன. விகாரை, தேவாலேக் காணிகளின் ஊழியத்தைப் பற்றி 1870இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் எழுந்த பதிவேடுகளும் உள. எந்தக் காணிக்காரர் எந்தத் தேவாலேக்கு எவ்வூழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பதை அவை கூறும். அக்காணிப் பிரிவுக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பங்குவ' என்ற சொல் நமது 'பங்கு' என்பதே. ஒரு சொல்லும் ஒரு சாசனம்தான்.

தோட்டத்திற் கிடப்பவை

உடன்படிக்கை எழுதிப் பதினைந்தாண்டு கழியுமுன்னரே காலம் திரும்பியது. 1820களில் கம்பளைப் பக்கத்திலும், பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிரே ஆற்றின் அக்கரையிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 'திரும்பி வரலாகாது' என்று எழுதிய அரசாங்கத்தின் ஆட்சியிலேயே தென்னாட்டிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாக அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையும் மாத்தளையும் கடந்து நடந்து வந்தோரிற் பலர் வழியிலேயே மாண்டனர். 1854இல் தோட்டத்துரைமார் கண்டியிலே தமக்கொரு சங்கம் அமைத்தனர். 1867இற் புகைவண்டி கண்டிக்கு வந்தது. 1869இற் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர்த் தேயிலை வந்தது. துரைமார் சங்கத்தின் அறிக்கைகள் கூலி, கடன், வருகை, ஓட்டம் ஆகியவற்றை ஆண்டுதோறும் எண்ணின. தோட்டத்துச் செக்ரோலோ பெயரையும் பேரையும் எண்ணிற்று. நெற்றியில் நீறு இருந்ததா, அன்று கோயிலில் என்ன பூசை என்பதை இவ்வேடுகளில் எதுவும் எழுதவில்லை.

அதனை எழுதியவை வேறு. தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியிற் பொறித்த பெயர் ஓர் ஏடு. காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கர் கதையிலும் வரும் ஊர்ப்பெயர்கள் ஓர் ஏடு. ஆலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனியையும், கவ்வாத்து வெட்டும் நாளிற் பொங்கலிட்டு வணங்கும் கவ்வாத்துச் சாமியையும் எண்ணிப் பாருங்கள். இத்தெய்வங்கள் தென்னாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை அல்ல. தேயிலை மலையிலே, உழைப்பின் நடுவிலே, அச்சத்திலும் நம்பிக்கையிலும் தோன்றியவை. நம்முன்னோர் இம்மண்ணில் வேரூன்றினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எச்செக்ரோலில் உண்டு?

ஏடில்லாமையால் வந்த கேடு

இஃதெல்லாம் ஓய்வு நேரத்து ஆராய்ச்சி என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர்க்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் 134,000 அளவினரே. மலையையே தேயிலையாக்கியவன், தன் தகப்பன் பிறந்த நாளைத் தாளிற் காட்ட முடியாமையால் நாடற்றவனானான்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ – சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இற் செய்த ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஒரு தோட்டத்துக் கோயிலை எடுத்து நடத்திய குடும்பம் கப்பலேறியபோது, அக்கோயிலின் நினைவும் கணக்கும் அதனோடு கப்பலேறின. 1983 ஆடி வன்செயலில் எரிந்த வீடுகளிலும் கடைகளிலும் எரிந்த ஏடுகள் எத்தனையோ! நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அதற்குள் மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. ஏட்டைக் காத்தல் பண்டிதர் தொழில் மட்டுமன்று, வாழும் மனிதரின் உரிமையைக் காத்தலுமாகும் என்பதை நம் சமூகத்தைப் போல் விலை கொடுத்துக் கற்றவர் சிலரே.

வழக்கிற் கிடப்பவை

சிறிது கசப்பான ஓரிடத்தையும் இளைஞர்க்குக் காட்டவேண்டும். அது நீதிமன்றம். பௌத்த ஆலயச் சொத்துக்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. இந்துக் கோயில்களின் தருமகருத்தாப் பிணக்குகளோ 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றுக்குச் செல்வன. வழக்கென்று வந்தால் இரு பக்கத்தாரும் பெட்டியின் அடியிற் கிடந்ததையெல்லாம் எடுத்து முன்வைப்பர். கோயிற் காணியை எழுதிக்கொடுத்த உறுதி, முதற் கும்பாபிடேகத்துப் பொருட்கணக்கு, உபயகாரர் பட்டியல், வயோதிபர் ஒருவரின் வாக்குமூலம் யாவும் ஒரே கட்டில் வந்து சேரும். நம்மவர் சண்டை கோயிலைப் பிரித்திருக்கலாம். ஆனால் அச்சண்டையின் கட்டு வரலாற்றைச் சேர்த்து வைத்தது. அதனைப் படிப்போர் எக்கட்சி வென்றது என்று பாராமல், எக்கட்சி எதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று பார்ப்பாராக. தன் பக்கத்துக்கு ஆதாயமில்லாத செய்தியைச் சாட்சி சொன்னானாயின், அதுவே பெரும்பாலும் நம்பத்தக்கது.

நம் கையிற் கிடப்பவை

பிறர் தம் தேவைக்காக நம்மைப் பற்றி எழுதினர், எழுதியதைக் காத்தனர். நாம் நமக்காக எழுதியவையோ மலைநாட்டு ஈரத்திலும் கறையான் வாயிலும் போகின்றன. ஒரு நிருவாக சபை மாறினால் பழைய கூட்டக் குறிப்பேடு மடைப்பள்ளி மூலைக்குப் போவதைக் காண்கிறோம். திருவிழா விஞ்ஞாபனம் கொடியிறக்கத்தோடு குப்பையாகின்றது. உபயகாரர் பெயர் எழுதிய பலகைமேற் புதுவருணம் பூசப்படுகின்றது. நூறாண்டுக்குப் பின் நம்மைத் தேடுவோனும் பிறர் ஏட்டிலேதான் தேட வேண்டுமோ?

ஆதலின் இளைஞர்க்கு நாம் வேண்டுவன இவை. உங்கள் ஊர்க் கோயிலிலும் தோட்டத்துக் கோயிலிலும் உள்ள மணி, விளக்கு, கல், பலகை ஆகியவற்றிற் பொறித்த எழுத்துக்களைப் பிழைகூடத் திருத்தாமல் உள்ளவாறே படியெடுங்கள். விஞ்ஞாபனம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கோயில் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்குங்கள். படம் பிடித்தால் அதன் பின்னே இடம், நாள், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். வயோதிபரிடம் கதை கேட்கும்போது "எந்த ஆண்டு?" என்று வருத்தாதீர்கள். "ஒப்பந்தத்துக்கு முன்னா, பின்னா? அப்போது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேளுங்கள், ஆண்டு தானாகவே வரும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடமும் கேளுங்கள். இருவர் சொல் முரணினால் இரண்டையும் எழுதுங்கள். நம் பெருமைக்குப் பொருந்தாத செய்தியை மறைக்காதீர்கள். கோயில் வாசலில் யாரை உள்ளே விட்டோம், யாரை விடவில்லை என்பதும் நம் வரலாறே.

பெரியோர்க்கு நாம் செய்யும் விண்ணப்பம் ஒன்றே. உங்கள் அலுமாரியிற் பழைய கணக்கேடோ, பற்றுச்சீட்டுப் புத்தகமோ, மங்கிய படமோ இருந்தால் அதனைப் பயனற்றதென்று தள்ளிவிடாதீர்கள். தருவதற்கு மனமில்லையாயின் படியெடுக்கவேனும் இளைஞரை அனுமதியுங்கள். அவர்கள் கேட்கும்போது கதையைச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை ஒருமுறை வாசிக்கச் செய்து கேட்டுத் திருத்துங்கள்.

இலங்காதிலகப் பாறையிலே தமிழ் வெட்டிய கை யாருடையதோ நாமறியோம். அக்கை வெட்டிய எழுத்தை அறுநூறாண்டுக்கு மேலாக மழை அழிக்கவில்லை. தாளில் எழுதும் நம் எழுத்துக்கு அத்தனை ஆயுள் இல்லை. நாம் காத்தால் உண்டு. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் நம் சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு கோயிலின் ஏட்டையேனும் படியெடுத்து ஒப்படைப்பாராயின், அதுவே இவ்வாண்டின் நற்பணியாகும்.